தங்கமான வண்டி

மனைவி தலைவாரி முடிப்பதற்குள் அவர் கீழே இறங்கிவிடுவார். “நீ மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல” என்ற குரல் மட்டும் மாடிப்படியிலிருந்து வரும். மெதுவாக வரச் சொல்வதில்தான் அவருடைய அவசரமெல்லாம் இருக்கிறது. சாவியைத் திருகியதும் வண்டி முதலில் இருமும், பிறகு செருமும், அதற்கப்புறம் யாரோ தகரப் பெட்டியைப் படியில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம் போடும். இவ்வளவும் அவள் வருவதற்குள் நடந்து முடிந்துவிட வேண்டும். அவள் கைப்பையோடு வாசலுக்கு வரும்போது வண்டி நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டிருக்கும். அவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டபடி, இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். நெற்றி வியர்வை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். “வெயிலைப் பாரு, காலையிலேயே” என்பார். மழை தூறிய ஒரு நாளிலும் பழக்கதோஷத்தில் இதையே சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

தெருவில் அவருக்குப் ‘பல்செட்டுக்காரர்’ என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான மனிதர். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், ஜன்னலோரமாக ஒரு நீள மேஜை; அதுதான் அவருடைய உலகம். டாக்டர் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, தாடை போல அசைகிற இரும்புச் சட்டத்தில் மாட்டி மென்று பார்க்க வைப்பார். வாய்க்குச் சொந்தக்காரரை அநேகமாகப் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் பஸ்ஸில் எதிர் இருக்கைக்காரர் சிரித்தால் இவர் கண் நேராக வாய்க்குப் போய்விடும், தன் கைவேலைதானா என்று பார்க்க. ஒரு அம்மாள் இதற்காக இவரை முறைத்துவிட்டு எழுந்து வேறு இடம் மாறிப் போனதும் உண்டு.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம். எந்தப் பல்செட்டையும் அச்சடித்தாற்போல் வரிசையாக வைக்க மாட்டார். ஒரு பல்லை இம்மி அளவு திருப்பி வைப்பார். இன்னொன்றின் ஓரத்தில் லேசாகக் கறை தீட்டுவார். “ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்யினு பச்சைப் பிள்ளைக்கும் தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் நம்புவாங்க” என்பார். முத்துக் கோத்த மாதிரி வேண்டுமென்று அடம்பிடித்த ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக்கூட ஒரு கோணலைச் சேர்த்தே அனுப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதில் இன்றுவரை அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமைதான் கார் விஷயத்தில் காலை வாரியது. மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும், முழங்கால் வலி வேறு. சரி, பழைய கார் ஒன்று வாங்கிவிடுவோம் என்று கிளம்பினார். “மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போங்க” என்று மருத்துவமனையில் எல்லோரும் சொன்னார்கள். கேட்டாரா? முதலில் பார்த்த வண்டி பளபளவென்று கீறல் இல்லாமல் இருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. “இவ்வளவு சுத்தமா இருக்கே, என்னத்தையோ மறைக்கிறான்” என்று திரும்பி வந்துவிட்டார். அடுத்துப் பார்த்த வண்டியின் கதவில் நீளக் கீறல், விளக்குக் கண்ணாடியில் விரிசல், இருக்கையில் டீ கொட்டிய கறை. அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. குறையை மூடி வைக்கத் தெரியாத வண்டி, ஆகவே யோக்கியமான வண்டி. பொய்ப் பல்லில் கோணலை வைத்து ஊரையே நம்ப வைக்கிறவருக்கு, அதே வித்தையில் தானும் விழலாம் என்று தோன்றவே இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். அந்த வண்டி அவருடைய மைத்துனருடையது. மனைவியின் அண்ணன்.

அண்ணனும் தங்கையும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். அவர்களுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது, “சாதாரணக் காய்ச்சல்தாம்மா, வந்துடுவாங்க” என்று அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கை பதறக்கூடாது, அவ்வளவு தூரம் அழுதுகொண்டே தனியாக ஓடி வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. கடைசியாக ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை. “எனக்கு நல்லது பண்றேன்னு எங்கம்மாவை எங்கிட்டேயிருந்து மறைச்சிட்டான்” என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

கார் தேடுகிற செய்தி எப்படியோ மைத்துனர் காதுக்குப் போக, “வெளியாளுக்குக் கொடுக்க மனசில்ல மாப்பிள்ளை, நீங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் அவளும் கூட வந்தாள். இருக்கையிலிருந்த டீக் கறையைப் பார்த்ததும் என்ன நினைவு வந்ததோ, “இன்னும் நீ எல்லாத்தையும் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்டுவிட்டாள். அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள். பல்செட்டுக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வண்டிக்குள் எஞ்சினே இல்லாமல் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பார்.

வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே முதல் முனகல் கேட்டது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்சக்கரத்தின் அருகிலிருந்து, பல்வலிக்காரர் தூக்கத்தில் அனத்துவது போல ஒரு சத்தம். பிறகு மூன்றாவது கியர் தானாக நழுவ ஆரம்பித்தது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நின்றது. பிரேக்கை மட்டும் முதல் வாரமே புதிதாக மாற்றிவிட்டார். அதில் விளையாட அவர் தயாராக இல்லை. மற்றதையெல்லாம் மறைத்தார். வண்டி மட்டம் என்று தெரிந்தால் அண்ணன் மறுபடியும் ஏமாற்றிவிட்டான் என்றுதான் அவள் நினைப்பாள். அதோடு அந்த உறவு அறுந்துபோகும், இந்தத் தடவை ஒட்டவே ஒட்டாது. அந்தப் பயத்தில் மனிதர் பாதித் தூக்கத்தைத் தொலைத்தார்.

மறைப்பதற்கென்றே ஒரு முழு நடத்தையைப் பழகிக்கொண்டார். மேட்டில் நிறுத்துவார்: “காலாற நடக்கலாமே.” உண்மையில், கிளம்பாவிட்டால் உருட்டிவிடலாம். சிக்னலில் எஞ்சினை அணைப்பார்: “பெட்ரோல் மிச்சம்.” உண்மையில், அதற்கு மேல் நின்றால் சூடேறிவிடும். பின்கதவுக் கண்ணாடி மேலே ஏற மறுத்தபோது, “காத்து உடம்புக்கு நல்லது” என்றார். இடப்பக்கம் திரும்பாமலே பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஒரு முறை இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மூன்று முறை வலப்பக்கம் திரும்பிச் சுற்றி வந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. தப்பிக்கவே முடியாத திருப்பங்களில் ரேடியோ சத்தத்தைத் தூக்கி வைப்பார். செய்தியில் யாரோ சந்தை நிலவரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதை அப்படி ஆர்வமாகக் கேட்பார்.

அதிர்ஷ்டவசமாக மனைவிக்குக் காரில் ஏறியதும் தூக்கம் வந்துவிடும். கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். “பாவம், அசதி” என்று அவர் நிம்மதியாக மூச்சு விடுவார்.

மெக்கானிக்கிடம் போகாமல் இல்லை. மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறை. அதை நடத்துகிற பருத்த மனிதர் எந்தக் கோளாறைச் சொன்னாலும் “பாத்துக்கலாம் சார்” என்பார்; அதுவே அவருக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. சங்கடம் என்னவென்றால், பட்டறை வாசலில் கால் வைத்ததும் வண்டி வாயைத் திறக்காது. பல்செட்டுக்காரருக்கு இது புதிதல்ல. விடிய விடியத் துடித்தவர்கள் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் “இப்ப வலியே இல்லையே டாக்டர்” என்பதைத் தினமும் கேட்கிறவர். வேறு வழியில்லாமல் வண்டியின் முனகலைத் தானே வாயால் முனகிக் காட்டினார். பட்டறையில் இருந்த எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். ‘பாத்துக்கலாம்’ தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

“இன்னொரு தடவை பண்ணுங்க சார். நடுவுல ஒரு ‘கிர்’ வந்துச்சே, அது வண்டியோடதா, உங்களோடதா?”

ஒரு பாகத்தை மாற்றினால் சத்தம் சற்று நகர்ந்து வேறு இடத்திலிருந்து வரும். “யாருகிட்ட சார் வாங்கினீங்க? போய்ச் சட்டையைப் பிடிங்க” என்று ‘பாத்துக்கலாம்’ கொதித்தார். “யாருன்னே தெரியல, இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு” என்று மென்று விழுங்கினார் இவர். வீட்டில் கேட்டால், “ஆயில் மாத்தினேன்.” இந்த வண்டிக்கு அவர் ஆயில் மாற்றியதாகச் சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பலையே ஓட்டியிருக்கலாம்.

மைத்துனர் அவ்வப்போது போன் செய்வார். எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“அப்புறம்... வண்டி எப்படி ஓடுது மாப்பிள்ளை?”

“தங்கம் மச்சான். தங்கமான வண்டி.”

மைத்துனர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், “ரொம்ப சந்தோஷம்” என்று வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக்கே வந்தார். பல வருஷம் கழித்து அண்ணன் தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். இருவரும் பழைய வாத்தியார்களையும் பழைய அடிதடிகளையும் பேசி ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் இறக்கிவிடக் கிளம்பினார்கள். பல்செட்டுக்காரர் வழக்கம்போல முன்னாலேயே போய் வண்டியை இருமவைத்து, செருமவைத்து, நல்ல பிள்ளையாக்கி நிறுத்தியிருந்தார். சுற்றுவழியும் மனதுக்குள் தயாராக இருந்தது.

மைத்துனர் ஓட்டுநர் பக்கம் வந்து நின்றார். “கொடுங்க மாப்பிள்ளை, ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன். எத்தனை வருஷம் கூடவே இருந்த வண்டி.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பல்செட்டுக்காரர் இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். மனைவி பின்னால் ஏறி, ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள். மைத்துனருக்குச் சுற்றுவழியெல்லாம் தெரியாது; நேரே பெரிய சாலையைப் பார்த்து ஓட்டினார். அங்கே இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். பல்செட்டுக்காரரின் கை தானாக ரேடியோவுக்குப் போயிற்று.

திருப்பம் வந்தது. மைத்துனர் ஏதோ பேசிக்கொண்டே, ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் ஒரு விரற்கடை ஒடித்தார், பிறகு ஒரே சீராக இடப்பக்கம் இழுத்தார். முனகல் வரவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

‘அட, இப்படியா!’ என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை மாதமாக அவரும் ‘பாத்துக்கலா’மும் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு ஒரு விரற்கடை ஒடிப்பில் விடை இருந்திருக்கிறது. அந்த வியப்பு அடங்குவதற்குள் அடுத்தது உறைத்தது: கோளாறு தெரியாதவன் கை இப்படிச் செய்யாது. கண் மெல்லக் கியருக்குப் போயிற்று. மூன்றாவது கியர் நழுவாமல் இருக்க மைத்துனரின் சுண்டுவிரல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது, அவருடைய சுண்டுவிரல் தினமும் பிடிக்கிற அதே இடத்தில். பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்த்தவர் அவர் மட்டுமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்.

“அண்ணே,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தூங்கி எழுந்த குரலாக இல்லை. “இந்தப் பக்கம் திரும்பினா இது அழுமே. உன் கையில மட்டும் எப்படி வாயை மூடிக்கிட்டு வருது?”

மைத்துனர் வேகத்தைக் குறைத்தார். பூட்டியிருந்த ஒரு நாற்காலிக் கடையின் எதிரே ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது முன்னால் இருந்த இருவருக்குமே சந்தேகம்.

“நான்தான் மச்சானுக்குப் போன்ல சொன்னேன்,” என்று பல்செட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். “சும்மா ஒரு சின்ன சத்தம், போன வாரம்தான்...”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் மனைவி.

“நீ... தூங்கலையா?”

“இந்தச் சத்தத்துல யாருக்குங்க தூக்கம் வரும்? நான் முழிச்சிருந்தா நீங்க இன்னும் தவிப்பீங்களேன்னுதான் கண்ணை மூடிக்குவேன். காலையில நீங்க கீழ போய் அதோட மல்லுக்கட்டுறது மாடி வரைக்கும் கேக்குது. சீப்பைக் கையில வச்சிக்கிட்டு, கிளம்பிடுச்சான்னு காதைக் கொடுத்து நிப்பேன். கிளம்பினப்புறம்தான் இறங்குவேன்.”

“கேட்டிருக்கலாமே” என்றார் அவர்.

“நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்.” பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும்மா.” மைத்துனர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகக்கூட அவளைப் பார்க்கவில்லை. “சொன்னா வாங்க மாட்டீங்க. வாங்கலேன்னா உன்னை வந்து பாக்க எனக்கு வேற என்ன சாக்கு இருக்கு? தெனம் ராத்திரி நெனைப்பேன், நாளைக்குச் சொல்லிடலாம்னு. கேட்டா இவரு தங்கம் தங்கம்னு சொல்றாரு. அப்புறம் எந்த வாயால சொல்றது?”

“அம்மா விஷயத்துல நீ மறைச்சதும் என் நல்லதுக்குத்தான். இவர் மறைச்சதும் என் நல்லதுக்குத்தான்.” என்றாள் அவள். “எல்லாருக்கும் என்மேல அவ்வளவு பாசம். உள்ளதை உள்ளபடி சொல்ற அளவுக்கு மட்டும் ஒருத்தருக்கும் இல்ல.”

பல்செட்டுக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் அண்ணனையும் தங்கையையும் பிரியவிடாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அன்றைக்குச் செய்ததையேதான் தானும் தினமும் காலையில் கீழே இறங்கிச் செய்துகொண்டிருந்தோம் என்பது, அவள் சொல்லும்வரை அவருக்குப் புலப்படவே இல்லை. வெட்கமாக இருந்தது.

பின்கதவு திறந்து மூடியது. அவள் இறங்கிவிட்டாள். வீட்டைப் பார்த்து நடக்கப் போகிறாள், அண்ணன் உறவு இந்த நாற்காலிக் கடை வாசலோடு முடிந்தது என்று இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்து வண்டிக்கு முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ரெண்டு பேரும் இறங்கி வாங்க. இதுக்கு என்னென்ன கோளாறு இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

இறங்கினார்கள். வீட்டுப்பாடம் செய்யாத பையன்கள் போல வந்து நின்றார்கள்.

“மூணாவது கியர் நிக்காது,” என்றார் மைத்துனர்.

“பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும்,” என்றார் இவர்.

“ரொம்ப நேரம் நின்னா சூடாயிடும்.”

“பின்கண்ணாடி ஏறாது.”

“அது என்கிட்ட இருந்தப்ப நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை. அதுக்கு நான் பொறுப்பில்ல.”

“மழை பேஞ்சா கால்கிட்ட தண்ணி வரும். அதுக்கு?”

“அது என்னோடதுதான்,” என்று மைத்துனர் ஒப்புக்கொண்டார். “எந்தப் பக்கம் வருது இப்போ?”

“உங்க தங்கச்சி பக்கம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். இவர்கள் இருவரும் தயக்கம் விட்டு, ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கி, கடைசியில் எதை யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் லேசாகச் சண்டையே பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாகச் சரக்குத் தீர்ந்தது.

மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ்சுக்கு நேரமாச்சும்மா,” என்றார், போகச் சொல்கிறாளா என்று அறிய விரும்புகிறவர் போல.

“போனா போகட்டும். நாளைக்குப் போ. படுக்க வீட்ல இடம் இருக்கு.” அண்ணனைப் பார்க்காமலே சொன்னாள். மைத்துனர் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கணவனிடம் கேட்டாள்: “அவ்வளவுதானா?”

பல்செட்டுக்காரர் தலையாட்டப் போனார். பாதியில் நிறுத்தினார்.

“இன்னொண்ணு இருக்கு. மச்சானுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. சும்மா நிக்கும்போது எப்பவாவது உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம் வருது. வந்த வேகத்துல போயிடுது. என்னன்னு எனக்கே தெரியல.” கொஞ்சம் நின்று, “பயமா இருக்கு,” என்றார்.

“எங்கே?”

காட்டுவதற்கு அது அப்போது வரவில்லை. எஞ்சின் ஒன்றும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, வெதுவெதுப்பான பானெட்டின் மேல் பரப்பி வைத்தார். அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“வரும்,” என்றார். “கொஞ்சம் இரு.”